லோர்னாவின் காருக்கு டிஸ்க் பிரேக்

பக்கத்து வீட்டு எலோய் காருக்கு அடியில் படுத்தபடி ஏதோ சொன்னான். லோர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் மெர்லுக்குக் காபி கசந்தது. தன் பேச்சுக்கு அவள் எப்போதாவது அப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

கார் அவளுடையது. அறுபத்தைந்தாம் வருஷத்து ஃபால்கன், கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மலைமேல் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் பள்ளத்தாக்குச் சாலையில் இறங்கித்தான் ஆல்புகர்க்கி நகரத்துப் பல் மருத்துவமனை வேலைக்குப் போய்வந்தாள். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. வசந்த காலத்தில் ஒருநாள் அப்படித்தான் ஓரத்துச் சரளைக் கல்லில் ஏற்றி நிறுத்தி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தாள். "பாக்கறேன்" என்றான் மெர்ல். அதற்கு முன்பும் அதையேதான் சொல்லிவந்தான். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவன் அல்ல.

எலோய் பஸ் டிப்போவில் மெக்கானிக். மனைவியைப் பிரிந்து தனியாகக் குடிவந்தவன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே காரைப் பார்த்துவிட்டு, "பழைய கிரனாடா கார் ஒண்ணு கிடைச்சா போதும். அதோட முன்சக்கர டிஸ்க் பிரேக்கு இதுல அப்படியே உக்காரும்" என்றான். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் காயலான் கார்க் கிடங்குக்குப் போக ஆரம்பித்தார்கள். 'மிஸ்டர் ட்ருஹியோ' என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இரண்டே வாரத்தில் 'எலோய்' என்றாள். மெர்ல் அதைக் கவனித்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் தூசியோடு வந்தாள்.

"கிடைச்சிருச்சு மெர்ல்! வேலியோரக் கடைசி வரிசையில, காவிக் கலர் கிரனாடா. கதவை மூடற நேரமாயிருச்சு, கழட்ட முடியல. அடுத்த வாரம் எடுத்துரலாம்னு எலோய் சொல்லிருக்கான்."

எலோய் சொல்லியிருக்கிறான். மெர்ல் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை ரொட்டி இறக்கி முடித்ததும் நேராகக் கிடங்குக்குப் போனான். காற்று மண்ணை வாரி அடித்தது. காவி நிறக் காரைக் கண்டுபிடித்து ஜாக்கி கொடுத்தான். இத்தனை வருஷத் துருவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தான். ஆனால் ஸ்பானரை வைத்ததும் போல்ட்டுகள் வெண்ணெயாகத் திரும்பின. இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு சிரிப்பு என்று மனசுக்குள் எலோயைக் கேட்டான். டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருமாக எல்லாவற்றையும் மூட்டை கட்டி வந்து கராஜில் ஒளித்துவைத்தான்.

மறுநாள் காலையில் கிளம்பிப் போன இருவரும் மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். லோர்னா வாசற்படியில் சோர்ந்து உட்கார்ந்தாள்.

"எவனோ ஒரு நாய் தூக்கிட்டுப் போயிட்டான் மெர்ல்," என்றான் எலோய்.

இந்தக் கணத்துக்காகத்தான் மெர்ல் காத்திருந்தான். கராஜுக்குள் போய் மூட்டையைக் கொண்டுவந்து அவள் காலடியில் அவிழ்த்தான். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தான்.

லோர்னா டிஸ்க்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீயா?"

"உனக்காகத்தான்."

"எனக்காகவா? ரோட்டுல நான் சாகப் போனப்ப வராத சுறுசுறுப்பு, இவன் வந்தப்புறம் எங்கிருந்து வந்துச்சு?"

"ஒரே ஆளா நின்னு கழட்டினேன் லோர்னா. அரை மணி நேரம்கூட ஆகல."

"ஏன் ஆகும்? போன வாரமே ஒவ்வொரு போல்ட்டா எண்ணெய் ஊத்தி ஊற வெச்சுட்டு வந்தது நாங்கதானே!"

மெர்லின் காது மடல் சிவந்துவிட்டது. எலோய் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் நாசூக்காக வேறு பக்கம் பார்த்தான். அதைத்தான் மெர்லால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோர்னாவும் எலோயும் பிரேக்கை மாட்டினார்கள். கடைசியில் பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற, உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. லோர்னா கதவைத் திறந்து மெர்லைப் பார்த்தாள். அவன் ஏறி உட்கார்ந்தான்.

"மிதி!" என்று சக்கரத்தடியிலிருந்து அவள் குரல் கேட்டது. மிதித்தான். "பிடிச்சுக்கோ... ம், விடு!" விட்டான். நடுவே அவர்கள் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"என்ன பேச்சு அங்க?"

"காத்து வருதா இல்லையான்னுதான்யா! மிதி!" என்றாள் லோர்னா.

வேலை முடிந்ததும் எலோய் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையின் கதவருகே போய் நின்றான். மெர்லும் வேகமாகச் சுற்றி வந்து அதே கதவில் கை வைத்தான்.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க," என்றாள் லோர்னா. "முதல்ல நான் மட்டும் ஓட்டிப் பாக்கணும்."

கார் வளைவில் மறைந்தது. எலோயின் முகம் தொங்கிப்போயிருந்தது. ஆக, இவனுக்கும் ஆசை இருந்திருக்கிறது. நினைத்தது சரிதான் என்பதில் மெர்லுக்கு வயிறு எரிந்தது. அவனையும் அவள் ஏற்றிக்கொள்ளவில்லை என்பதில் கொஞ்சம் குளிர்ந்தது.

திரும்பி வந்த லோர்னா இருவரையும் விட்டுவிட்டுக் காரின் மூக்கைத்தான் தட்டிக்கொடுத்தாள். "அடிவாரம் வரைக்கும் போனேன். மிதிச்ச இடத்துல நிக்குது!"

அடுத்த சனிக்கிழமை ஜன்னல் கைப்பிடி தேடக் கிடங்குக்குக் கிளம்பினாள். மெர்ல் அதற்கு முன்பே சவரம் செய்து தயாராக நின்றான்.

"நானும் வரேன்."

"வாயேன். ஆனா எலோயும் வரான்."

"வரட்டும்."

முன் இருக்கை அகலமானது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எலோய் ஏறப்போன நேரத்தில் மெர்ல் அவனை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, இருவருக்கும் நடுவே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.