முதல் டேக்கில் ஃபோகஸ் இல்லை

"நாலாவதுதான். இதுல யோசிக்கவே வேண்டாம், நாலாவதை வை."

"முதல் டேக்கை இன்னொரு வாட்டி பாருங்க மாமா."

"பாத்தாச்சு. ஃபோகஸ் இல்ல. அவ முகம் மங்கலா இருக்கு, அவளுக்கு முன்னாடி ஓரத்துல தொங்கற காலண்டர் பளிச்சுனு இருக்கு. கதாநாயகி யாரு, உங்க அக்காவா காலண்டரா?"

"முகம் மங்கலா இருந்தா என்ன, குரல் இருக்கே."

"குரலும் சரியில்ல. 'நீ'ங்கறா. படம் பூரா 'நீங்க, வாங்க'ன்னு பேசின பொண்டாட்டி கடைசி சீன்ல திடீர்னு 'நீ'ன்னா ஜனங்க சிரிப்பாங்க. எடிட்டரம்மா, கன்டினியூட்டின்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கியா?"

எடிட்டரம்மா நான்தான். மாமா என்பவர் என் அக்காவின் கணவர். போட்டோ ஸ்டூடியோவின் பின்னால் இருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தோம். பகலில் பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை எனக்கு. ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருப்பதால் அந்த அறைக்குள் வெயில் நுழைந்ததே கிடையாது. மாமா காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். லீவு போட்டுக் குறும்படம் எடுக்கிறார். படப்பிடிப்பில் உடன் வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒன்மோர்'. எவ்வளவு நன்றாக வந்தாலும் "சூப்பர், ஒன் மோர்" என்பார். ஒருமுறை சாலையில் படுத்திருந்த நாய் தற்செயலாகத் தலையைத் தூக்கிப் பார்த்ததற்கும் அப்படிச் சொன்னார். அந்த நாய் மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்காமல் எழுந்து போன நடிகர்.

இதற்கு முன்னால் எடுத்த மூன்று படங்களையும் எந்தக் குறும்பட விழாவிலும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று அலாரம் அடித்து ஆரம்பித்தது. இன்னொன்றில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது, கறுப்புத் திரையில் நாலு வரி தத்துவத்தோடு முடிந்தது. ஆனால் அவருக்கு வெளிச்சம் தெரியும். ஜன்னல் ஓரத்தில் ஒரு டம்ளரை வைத்தால், அது எதையோ நினைத்து வருத்தப்படுவதுபோல எடுத்துவிடுவார். மனிதர்களை எடுக்கும்போதுதான் அவர்கள் டம்ளர் ஆகிவிடுவார்கள்.

இந்த நாலாவது படத்தின் கதை எளிமையானது. கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவனை விட்டு அவன் மனைவி போகிறாள். மனைவியாக நடித்தது அக்கா. அவர்கள் வீட்டிலேயே எடுத்தார்கள். கடைசிக் காட்சியில் கேமரா கணவன் நிற்கும் இடத்தில் நிற்கும், அவள் கேமராவைப் பார்த்துப் பேசுவாள். திரைக்கதையில் இருந்தது ஒரே வரி: "நான் கிளம்பறேங்க."

அந்த வரியை அக்கா சொல்லவே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"நீ என்னைப் பாக்கறதே இல்ல. என்னை எங்க நிறுத்தலாம்னுதான் பாக்கற. அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேன். நான் போறேன்."

உடனே கேமராவுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல், குதித்துக்கொண்டு: "அய்யோ, அற்புதம்! நீயே மாத்திட்டியா? ஒன் மோர். 'போறேன்'னுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடு."

முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, அந்த இடத்தில் நான் எடிட்டிங்கை நிறுத்திவிட்டு வெளியே போய் ஸ்டூடியோ வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பிரிகிறவர்கள் நீளமாகக் கடிதம் எழுதுவார்கள், பனியில் ஸ்டேஷன்வரை நடந்து போவார்கள். எங்கள் வீட்டுப் பிரிவு ஒரு ஹார்ட் டிஸ்கில் நாலு ஃபைலாக வந்திருந்தது.

"மாமா, அது நடிப்பு மாதிரி தெரியலையே" என்றேன் இப்போது, முடிந்தவரை சாதாரணமாக.

"அதான்டி நடிப்பு! நடிக்கற மாதிரி தெரிஞ்சா அது நாடகம்." கையைத் தட்டினார். "அதுவும் அந்த வேலை விஷயத்தை அவளே சேர்த்தா பாரு. அவ ஏன் போறான்னு எனக்கே காரணம் கிடைக்காம இருந்துச்சு. ஒரு வரில முடிச்சிட்டா. வீட்டுக்குள்ளயே ஒரு எழுத்தாளரை வச்சிக்கிட்டு நான் வெளிய தேடிட்டு இருந்திருக்கேன்."

நாலாவதை வைத்தேன்.

படப்பிடிப்பு முடிந்த அன்றே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அலுப்பு, கொஞ்ச நாள் அம்மாவோடு இருக்கட்டும் என்று மாமா நினைத்தார். தினமும் போன் செய்து "அக்கா தூங்கறாளா, சாப்பிட்டாளா?" என்று என்னிடம் கேட்பார். அவளிடம் கொடுக்கட்டுமா என்றால், "வேண்டாம், ரெஸ்ட் எடுக்கட்டும். டப்பிங்குக்கு குரல் ஃப்ரெஷ்ஷா இருக்கணும்" என்பார். அதை அன்பாகத்தான் சொல்வார். அதுதான் கொடுமை.

டப்பிங் தேவைப்பட்டது பிரிட்ஜால். வீட்டில் படம் எடுக்கும்போது முதலில் பிரிட்ஜை அணைக்க வேண்டும், இல்லையென்றால் வசனத்துக்கு அடியில் அதன் முனகல் பதிவாகிவிடும். அணைக்கிறவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். சாவியை எடுக்கத் திறக்கும்போது மறுபடி போட ஞாபகம் வரும், பால் கெட்டுப்போகாது. எல்லாப் படத்திலும் அந்த வேலை அக்காவுடையது. அன்றைக்கு அவள் அணைக்கவில்லை. வேறு யாருக்கும் தோன்றவும் இல்லை.

குறும்பட விழாவுக்குப் படம் தேர்வு செய்யும் பெண்மணி போன் செய்தபோது மாமா ஸ்பீக்கரில் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வெளிப்படையா சொல்லிடறேன். முதல் பாதியில எல்லாரும் நோட்டீஸ் வாசிக்கற மாதிரி பேசறாங்க. கடிகாரத்தைக் காட்டிக்கிட்டே இருக்கீங்க, நேரம் போகுதுன்னு எங்களுக்கும் தெரியும். மியூசிக் அழு அழுன்னு எங்களைப் புடிச்சு உலுக்குது."

"சரிங்கம்மா. சரிங்கம்மா." குறித்துக்கொண்டே இருந்தார்.

"ஆனா வெளிச்சம் அழகு. கடைசி சீன் இருக்கே, அந்தப் பொண்ணு வேற படத்துலேர்ந்து வந்த மாதிரி இருக்கா. யாரு அது?"

"என் வொய்ஃப்தாங்க."

"குடுத்து வச்சவர். அந்த ஒரு சீனுக்காகத்தான் எடுத்துக்கறோம். பிரிட்ஜ் சத்தத்தை மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

போனை வைத்துவிட்டு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க அக்காகிட்ட நீ சொல்லிடாத. நானே நேர்ல சொல்லணும்."

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"அவருக்குப் புரியலக்கா" என்றேன்.

"தெரியும்."

"நான் சொல்லட்டுமா?"

"நீ ஏன் சொல்லணும்? நான் சொல்லிட்டேன். நாலு தரம் சொன்னேன்." ஒரு பல்லை உரித்துத் தட்டில் போட்டாள். "முதல் தரம் சொல்லும்போது உடம்பெல்லாம் நடுங்கிச்சு. ரெண்டாவது தரம் அழுகை வந்துச்சு. மூணாவது தரம் கை எங்க வைக்கணும்னு யோசிச்சேன். நாலாவது தரம் 'நீங்க'ன்னு திருத்தினேன், அவன் கேக்கறதுக்கு முன்னாடியே. அப்பதான் பயமா இருந்துச்சு. இவன்கூட இருந்தா என் சாவையும் நல்லாத்தான் நடிச்சுக் குடுப்பேன்னு தோணுச்சு."

"அந்த வேலைக்கு இன்டர்வியூ போனது அவருக்குத் தெரியாதா?"

"சொன்னேனே. 'நல்லது'ன்னான். அப்ப என் காதோரத்துல வெயில் விழுந்துட்டு இருந்துச்சு, அதைப் பாத்துக்கிட்டு இருந்தான்."

"பேசிப் பாருக்கா. நல்ல மனுஷன்தானே."

"நல்லவன்தான். அதனாலதான் இவ்வளவு நாளாச்சு." பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "டப்பிங் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். ஒத்துக்கிட்ட வேலை. அதுக்குள்ள அவனா புரிஞ்சுக்கிட்டா பேசலாம். நீ வாயைத் திறந்தே, உன்கூடவும் பேச மாட்டேன்."

டப்பிங் அன்று அவள் பெட்டியோடு வந்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தின் வரவேற்பு மேசையருகே அதை வைத்தாள். மாலை வண்டிக்கு அங்கிருந்தே போவதாக ஏற்பாடு. மாமா பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம படத்துப் பெட்டி! ஞாபகமா எடுத்துட்டு வந்துட்டியா? போஸ்டருக்குத் தேவைப்படும்னு நானே நினைச்சேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

விழா செய்தியைச் சொன்னார். சிரித்து, "நல்லா வரட்டும்" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். மாமா அவள் தோளைத் தொடப் போய், ஏனோ அவள் துப்பட்டாவில் இருந்த நூலை மட்டும் எடுத்துப் போட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா, காதில் ஹெட்போன், எதிரே மைக், சின்னத் திரையில் அவளுடைய முகம். இந்தப் பக்கம் சவுண்டு அண்ணன், நான், மாமா. பட்டனை அழுத்திப் பேசினால்தான் அவளுக்குக் கேட்கும்.

"நீங்க என்னைப் பாக்கறதே இல்ல. என்னை எங்க நிறுத்தலாம்னுதான் பாக்கறீங்க. அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேன். நான் போறேன்."

"உதடு கொஞ்சம் முந்துது தங்கச்சி" என்றார் சவுண்டு அண்ணன்.

மறுபடி சொன்னாள். உதடு பொருந்தியது.

மாமா பட்டனை அழுத்தினார். "சூப்பர். ஒன் மோர். 'போறேன்'ல இன்னும் கொஞ்சம் வலி வேணும்."

"வலி தீந்துபோச்சு" என்றாள் அக்கா. "முதல் டேக்ல இருக்கும். வேணும்னா பாத்துக்கோ."

மாமா சிரித்தார். "மேடம் ரெஃபரன்ஸ் கேக்கறாங்க. போடு, முதல் டேக்கைப் போடு. அந்த மீட்டரைப் பிடிச்சுக்கட்டும்."

நான் எதுவும் சொல்லவில்லை. வாக்கு தவறவும் இல்லை. ஃபைலை முழுசாகப் போட்டேன், அவ்வளவுதான். ஒன் மோர் என்ற இடத்தோடு எப்போதும் நிறுத்திவிடுவோம், அதற்குப் பிறகு இருப்பது படம் இல்லை. ஆனால் அவர் ரெக்கார்டை அணைக்க அடிக்கடி மறந்துவிடுவார்.

மங்கலான அக்கா பேசினாள். பிரிட்ஜ் முனகியது. மாமாவின் குரல் "அற்புதம்" என்றது, மூச்சு விடச் சொன்னது. பிறகும் படம் ஓடியது.

அக்கா நகரவில்லை. பிறகு அரை அடி முன்னால் வந்தாள். முகம் தெளிவாகியது. இமை, மூக்கின் நுனி, கழுத்தில் துடிக்கும் நரம்புகூடத் தெரிந்தது. மாமா எடுத்த எந்தப் படத்திலும் அவ்வளவு துல்லியமான முகம் கிடையாது. அவள் கண்கள் கேமராவை விட்டு இடதுபக்கம் போயின, பிறகு வலதுபக்கம். யாரோ நடமாடுவதைத் தொடர்ந்துகொண்டிருந்தன. ஸ்டாண்டு இழுபடும் சத்தம்.

"ஏதாவது சொல்லேன்" என்றாள், மெதுவாக.

"சொல்றேன், இரு" என்றது மாமாவின் குரல், தூரத்திலிருந்து. "இந்த லைட்டை முடிச்சுக்கறேன்."

அவள் காத்திருந்தாள். ஸ்டாண்டு மறுபடி இழுபட்டது. யாரோ ஒயரைத் தாண்டிப் போனார்கள். அவள் இன்னும் காத்திருந்தாள். பிறகு குனிந்து பெட்டியை எடுத்து, கதவருகே பழைய இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள், ரெண்டாவது டேக்குக்கு.

ஃபைல் முடிந்தது. அண்ணன் ஹெட்போனைக் கழற்றி, "டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனார்.

மாமா கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, அறைக் கதவின் கண்ணாடி வழியாக, வரவேற்பறையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதன் கைப்பிடியில் அம்மா கட்டிவிட்டிருந்த சிவப்பு ரிப்பனைப் பார்த்தார். படத்தில் அது கிடையாது. காப்பீட்டு அலுவலகத்தில் தினமும் இறப்புச் சான்றிதழ் வாங்கி வைக்கிற மனிதர். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"வேலை..." என்றார் என்னிடம். "அந்த வேலை நிஜமா?"

தலையாட்டினேன்.

"எந்த ஊர்?"

சொன்னேன். தூரத்தைக் கணக்குப் போடுகிறவர்போல உதடு அசைந்தது.

அந்தப் பக்கம் அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கேதான்.

மாமா எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார். ஏதோ பேசினார். பட்டனை அழுத்த மறந்திருந்தார். அக்கா தலையை லேசாகச் சாய்த்தாள், கேட்கவில்லை என்பதுபோல. அவர் கையால் எதையோ காட்டப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் பட்டனை அழுத்தினேன்.

"ஏதாவது சொல்லச் சொன்னியே" என்றார். "இப்ப சொல்லட்டுமா?"