கூப்பிடாமல் வந்தவள்

எலும்பு ஆற இன்னும் கொஞ்ச நேரமாகும் என்று தகனக்கூடத்து ஊழியர் குனிந்து சொல்லிவிட்டுப் போனார். மிசாவோ தலையசைத்தாள். காத்திருக்கும் அறையில் தேநீர் இருந்தது, அரிசி வறுவல் இருந்தது, யாரும் தொடாத இரண்டு பீர் பாட்டில்கள் இருந்தன. பக்கத்தில் கொழுந்தன் இசாமு, வாதம் வந்து செத்துப்போன வலது கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணவாய் மீன் மாட்டுகிற காலம். துறைமுகத்து ஆட்கள் காலையிலேயே அவள் புருஷன் தாமேஜியின் படத்தை வணங்கிவிட்டுப் படகுக்கு ஓடிவிட்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் தாமேஜியும் ஓடியிருப்பான். ஜன்னலோரத்தில் அந்த வெள்ளைக்காரி உட்கார்ந்திருந்ததுதான் மிசாவோவுக்குப் பொறுக்கவில்லை.

சிக்ரிட், நார்வேக்காரி. ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் ஏசுவைப் பற்றிச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வருகிற கூட்டத்தை ஒரு வேனில் அடைத்துவிடலாம். அதிலும் பாதிப் பேர் குளிருக்கு அடுப்பும் ஓசிக் காப்பியும் கிடைக்கிறதே என்று வருகிறவர்கள் என்று மீன் சந்தையில் கேலி பேசுவார்கள். மிசாவோவும் சேர்ந்து சிரித்தவள்தான். நுரையீரல் கெட்டுத் தாமேஜி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கணவாயை அறுத்துக் காயப்போட்டுவிட்டு ஒரு சாயங்காலம் மூச்சிரைக்கப் போய் நின்றாள். அவன் தலைமுடி ஈரமாக இருந்தது. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன் என்றான், ஏதோ பல்லைப் பிடுங்கிக்கொண்டேன் என்பதுபோல. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

இன்று காலைகூட எல்லோரும் சாம்பிராணியைக் கிள்ளிப் போட்டபோது அவள் மட்டும் ஒரு வெள்ளைப் பூவை வைத்தாள். நம் வீட்டுப் புகை அவள் சாமிக்கு ஆகாதாம்.

இசாமு சிகரெட் பிடிக்க வெளியே போனதும் சிக்ரிட் எழுந்து வந்தாள். முழங்கால் மடித்து, இந்த ஊர்ப் பெண்களைவிட ஒழுங்காக உட்கார்ந்தாள். தாமேஜி தன்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டதாகவும், தானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். அவன் எலும்பைக் குடும்பக் கல்லறையில் வைக்கக் கூடாது. மலைமேல் இருக்கும் சபைக் கல்லறையில் வைக்க வேண்டும்.

குடும்பக் கல்லறையில் ஷூஹேய் இருக்கிறான். மிசாவோவின் ஒரே மகன், பத்தொன்பது வயதில் கடலுக்குப் போனவன், மூன்றாம் நாள் கரைக்கு வந்தவன். அப்பாவும் அம்மாவும் வரும்வரை தாத்தா பாட்டியோடு இரு என்று கல்லைத் தடவிச் சொல்லிவிட்டு வந்தவள் அவள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் கணவாய் அறுத்தாள்.

மிசாவோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க எதுக்கு எங்க ஊருக்கு வந்தீங்க?"

இந்தக் கேள்வி சிக்ரிட்டின் காதில் பல தடவை விழுந்ததுதான். ஆனாலும் யோசித்துத்தான் சொன்னாள். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஜப்பானிலிருந்து திரும்பிய ஒரு போதகர் வந்தாராம். தங்களை நேசிக்க ஒருவர் இருக்கிறார் என்றே தெரியாமல் அங்கே ஒரு ஜனம் செத்துக்கொண்டிருக்கிறது என்றாராம்.

"நான் ராத்திரியெல்லாம் அழுதேன். என்னைக் கூப்பிடுறாங்கன்னு தோணுச்சு. வர்றேன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"ஆண்டவர்கிட்ட."

"எங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சிக்ரிட் தலை குனிந்துகொண்டாள். மிசாவோ விடுவதாக இல்லை. அழுதாளாமே! அடுப்பில் சோறும், மாடத்தில் முன்னோரும், மடியில் பிள்ளையுமாக இருந்தவர்களைப் பார்த்து, எங்கேயோ பனிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி அழுதிருக்கிறாள்! அந்த இரக்கத்தைவிட நாலு திட்டுத் திட்டியிருந்தால் மன்னித்திருப்பாள்.

"அப்போ என் பையன்? அவன் உங்க ஆண்டவரு பேரக் கேட்டதே இல்ல. அவன் இப்ப எங்க இருக்கான்?"

"எனக்குத் தெரியல. தினமும் கேக்குறேன், பதில் வரல." என்றாள் சிக்ரிட். "உங்க வீட்டுக்காரரும் இதத்தான் கேட்டாரு. அன்னைக்கு அலை சரியில்ல, வேண்டாம்னு பையன் சொன்னானாம். பயந்தாங்கொள்ளின்னு திட்டி அனுப்பினது நான்தான்னாரு. அவன் பக்கத்துல படுக்க எனக்கு முகமில்லன்னு அழுதாரு."

இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, அவன் இதை மிசாவோவிடம் சொல்லவில்லை. இவளிடம் சொல்லியிருக்கிறான். துக்கத்துக்கு முந்திக்கொண்டு பொறாமைதான் வந்தது. அப்புறம் கோபம்.

"மன்னிப்பு, மன்னிப்புன்னு தலையில தண்ணி ஊத்துனீங்களே. பெத்த புள்ள முன்னாடி நிக்கக்கூட அவருக்கு முகம் வரலையே. என்னத்தக் குடுத்தீங்க அவருக்கு?"

ஊழியர் வந்து கூப்பிட்டார்.

தட்டில் தாமேஜி வெள்ளையாகக் கிடந்தான். ஒரே எலும்பை இரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் எடுத்துச் சாடியில் வைப்பதுதான் முறை, காலில் தொடங்கித் தலைவரை. இசாமு இடது கையால் முயன்றான். குச்சி ஆடியது. பாத எலும்பு நழுவித் தட்டில் விழுந்து டொக்கென்று சத்தம் கேட்டதும் குச்சியை வைத்துவிட்டான்.

"அண்ணி, என்னால ஆகல."

ஊழியர் சுற்றிப் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள்? மிசாவோ திரும்பாமலே இசாமு வைத்த குச்சியை எடுத்துப் பின்னால் நீட்டினாள். சிக்ரிட் வாங்கிக்கொண்டாள். பாழாய்ப்போனவளுக்குக் கை நடுங்கவே இல்லை. பாதம், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாக இருவரும் பேசாமல் எடுத்து வைத்தார்கள்.

கடைசியாகத் தொண்டை எலும்பு. தியானத்தில் உட்கார்ந்த புத்தர் மாதிரி இருக்கிறது என்று ஊழியர் வழக்கம்போலச் சொன்னார். சாம்பிராணிக்கு வராத கை இதற்கு என்ன செய்கிறது பார்க்கலாம் என்று மிசாவோ காத்திருந்தாள். சிக்ரிட்டின் குச்சி தயங்காமல் மறுபக்கத்தைப் பிடித்தது.

சாடிக்கு மேலே வந்ததும் மிசாவோ நிறுத்தினாள்.

"அப்பா," என்றாள். மகன் போன பிறகும் புருஷனை அவள் கூப்பிட்டது அப்படித்தான். "பையன் பக்கத்துலதான் வந்து படுக்கணும். அவன் திட்டுனா வாங்கிக்குங்க."

"நான் அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்," என்றாள் சிக்ரிட், மெதுவாக.

"நான் அவனுக்குக் குடுத்திருக்கேன்."

வெள்ளைக்காரியின் கண்ணில் தண்ணீர் நிரம்பியது. மறுபடியும் எங்களுக்காக அழ ஆரம்பித்துவிட்டாள் என்று மிசாவோ பல்லைக் கடித்தாள். ஆனால் தான் குச்சியை எடுத்தால் எலும்பு விழும்; அவள் எடுத்தாலும் விழும். ஊழியர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடுகளவு சாம்பல் உதிர்ந்து சாடிக்குள் விழுந்தது. தாமேஜியின் தொண்டை இரண்டு பேர் கையிலும் அசையாமல் இருந்தது.