தறிச் சத்தத்தில் கேட்ட கேள்விகள்

ரெண்டு மாசமாக எனக்கு அடிவயிற்றில் வலி. ஒண்ணுக்குப் போனால் எரிச்சல், வெள்ளை வேறு படுகிறது. போனில் தேடினால் புற்றுநோய் வரைக்கும் போய் நிற்கிறது. கல்யாணம் ஆகாதவள் லேடி டாக்டர் வாசலில் நின்றாலே எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தமுக்கடித்துவிடும். அதனால், இளவயதுப் பெண்களின் ஆரோக்கியம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

வந்தவர் பெயர் கலைவாணி. மெட்ராஸ்காரர், கையில் டேப்லெட். அம்மா தறியில் இருந்தாள்.

"உங்க பொண்ணு துர்காதேவிகிட்ட மட்டும் தனியாப் பேசணும்மா. இருபது வயசுல இருக்கறவங்களைத்தான் கேக்கறோம்."

"தனியா எங்கம்மா போறது? இருக்கறதே ஒரு ரூமு. நீ பேசு. இந்தச் சத்தத்துல எனக்கு என்னா கேக்கப் போவுது?" என்று அம்மா தறியை ஓட்ட ஆரம்பித்தாள்.

கலைவாணி மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர், இந்தச் சத்தமே நமக்குப் பாதுகாப்பு. நீ சொல்றது எதுவும் வெளிய போகாது" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடக் கடவுளே! படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்துக்குள்தான் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், தூங்குகிறோம். தறியில் நீட்டிய பாவில் ஒரு இழை அறுந்தால் காதாலேயே கண்டுபிடிக்கிறவள் என் அம்மா லோகாம்பாள். ரெண்டடி தள்ளி உட்கார்ந்து பேசுவது அவளுக்குக் கேட்காதா?

மேடம் ஆரம்பித்தார். யாரோடாவது உறவு உண்டா? இல்லை. பாதுகாப்பு முறைகள் பயன்படுத்தியதுண்டா? இல்லை. வெள்ளைப்படுதல், எரிச்சல், அடிவயிற்று வலி?

தொண்டை வரைக்கும் வந்தது. தறியைப் பார்த்தேன். அம்மாவின் கை நிற்கவில்லை, தலை மட்டும் லேசாக இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

"இல்லை மேடம்."

"வெரி குட். உனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று டேப்லெட்டை மூடினார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எதிர்வீட்டு ஜெயம்மாள் அக்கா, "எங்க வீட்டுப் பொண்ணையும் கேளுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தறி நின்றது.

"இங்க வாடி. அந்தம்மா என்னென்னமோ கேட்டுச்சே, எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு டக்கு டக்குனு சொன்னியே. அப்படின்னா என்னான்னு நீ ஏன் ஒண்ணுகூடத் திருப்பிக் கேக்கல?"

"காலேஜ்ல சொல்லித் தந்தாங்கம்மா."

"தெரியாத பொண்ணா இருந்தா முழிச்சிக்கினு இருந்திருப்பா. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடி வைத்து என்ன லாபம்? "ஆமாம்மா, தெரியும். எனக்கு ரெண்டு மாசமா வலிக்குது. எரியுது. உனக்குப் பயந்துதான் அந்தம்மாகிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன், போதுமா?" என்று கத்தினேன். கத்தியபோது அழுகையும் வந்துவிட்டது.

அம்மா எழுந்து வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். நேராகப் போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"எவன்டி அவன்?"

"யாரும் இல்லம்மா. சும்மாவே வரும்மா இது, எல்லாப் பொம்பளைக்கும் வரும். டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போம்மா."

"நான் ரெண்டு பெத்தவ, எனக்கு நீ சொல்றியா?" என் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளையிலேர்ந்து காலேஜும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். தாமல் ஊர்ல ஒரு பையன் இருக்கான்னு உங்கப்பா சொல்லிக்கினு இருந்தாரு. வரச் சொல்றேன்."

"அம்மா, வலிக்குதும்மா."

"கல்யாணம் ஆவட்டும். அப்புறம் புருஷங்கூட டாக்டர்கிட்ட போ, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள் அம்மா.