சிரிப்புக்குத் தனி விலை

அக்காவின் சிரிப்புக்கு விலை முந்நூற்றைம்பது. ஊர் வாய் சொல்வதல்ல இது. கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் விலைப்பட்டியலில் மூன்றாவது வரி. வெறும் வாசிப்பு நிமிடத்துக்கு எண்ணூறு. அவசரம் என்றால் ஒன்றரைப் பங்கு. குரலில் சிரிப்பு கலந்து வேண்டுமானால் பதிவுக்கு முந்நூற்றைம்பது கூடுதல். பேரம் பேச வருகிறவர்கள் அந்த வரியில்தான் நின்று, "சிரிப்புக்குக் கூடவா காசு?" என்று சிரிப்பார்கள். "நீங்க இப்ப சிரிச்சது இலவசம். எங்க அக்கா சிரிச்சாதான் காசு" என்பான் தம்பி. பேரம் அங்கேயே பாதி படிந்துவிடும்.

கடை என்றால் மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் மேசை, கம்ப்யூட்டர், கணக்குப் புத்தகங்கள். உள்ளறைக்குள் ஓர் அலமாரி அளவுக்குக் கண்ணாடி வைத்த பதிவுக் கூண்டு. கூண்டின் சுவர்களில் ஒட்டியிருப்பது கீழ்க்கடையில் வெட்டி மிஞ்சிய மெத்தைத் துண்டுகள். வாடகையை ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுகிற நன்றிக்கு வந்தவை. கூண்டுக்குள் விசிறி கிடையாது, கைக்கடிகாரம் கூடாது, கிறீச்சிடாத மர நாற்காலி ஒன்று. காகிதம் சலசலக்காமல் இருக்கத் துணி மாட்டும் கிளிப். வாய் உலர்ந்து சொடக்குச் சத்தம் வந்தால் கடிக்க நறுக்கிய ஆப்பிள். தலைக்கு மேல் ஒரு சிவப்புப் பல்பு. அது எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று பொருள்.

அந்த நாற்காலியில் பத்தொன்பது வருஷமாக உட்காருகிறவள் அக்கா. கடை ஆரம்பித்ததே அவள் சேமிப்பில்தான். நகரத்தில் பாதி லிஃப்டுகளில் "கதவு மூடுகிறது" என்று சொல்வது அவள் குரல் என்பதால் தெரிந்தவர்களுக்கு அவள் லிஃப்ட் அக்கா. மருந்துக் கடையில் வரிசையில் நின்று "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றால் முன்னால் இருக்கிறவர் மாடி வந்துவிட்டது போல நகர்ந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மூலதனம் அந்தச் சிரிப்பு. பல் தெரியாத, சத்தம் வராத, ஆனால் கேட்கிறவருக்கு நிச்சயமாகத் தெரிகிற சிரிப்பு.

தம்பி கடையின் முதலாளி, ஒலிப்பதிவாளன், தேவைப்பட்டால் பெருக்குகிறவனும் அவனே. அவன் மனைவி கணக்குப் பார்க்கிறாள். எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்பார்கள். அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதிதாக எழுதி வந்த வசனம் எத்தனை நொடி ஓடும் என்று தெரிய, முதலில் யாராவது ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும். அதற்கு டம்மி என்று பேர். கணக்கம்மா புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், சரக்குப் பட்டியல் சரிபார்க்கிற தொனியில் படித்துவிட்டு மறுபடி கூட்டலுக்குப் போய்விடுவாள். நேரம் தெரிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்கா பேசுவாள். விலைப்பட்டியலின் கடைசி வரி: டம்மி வாசிப்பு, இலவசம்.

ஏழு கிளைகள் உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் தொலைபேசி வேலை வந்தபோது தம்பி சோதனைக்காக டம்மியை அனுப்பிவைத்தான். அக்காவுக்கு அந்த வாரம் தொண்டைக் கட்டு. நேரம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும், நிஜக் குரல் பிறகு வரும் என்பது ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை ஒரு கிளையில் பத்து நாள் ஓடவிட்டுவிட்டார்கள்.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, தலைமை நர்ஸ் நேரிலேயே படியேறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் சுற்றி வளைக்கவில்லை.

"அந்தக் குரல்தான் வேணும்."

"அது டம்மிங்க" என்றான் தம்பி. "இவங்கதான் எங்க அக்கா. இவங்க பேசினா..."

"இவங்க குரல் தெரியும். எங்க லிஃப்ட்லயே இருக்காங்க. நல்லா இருக்கும். ஆனா எங்களுக்கு போன் பண்றவங்க பாதிப் பேர் டெஸ்ட் ரிசல்ட்டுக்காகப் பண்றாங்க. குரல் இரக்கப்பட்டா, ஏதோ பெருசா இருக்குன்னு பயந்துடறாங்க. சிரிச்சா, இவளுக்கு என்ன வந்துச்சுன்னு கோபம் வருது. இது ரெண்டும் இல்ல. விஷயத்தைச் சொல்லுது. பத்து நாள்ல பாதியில கட் பண்றவங்க மூணுல ஒரு பங்கு குறைஞ்சுட்டாங்க."

கணக்கம்மா புத்தகத்துக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

"டம்மிதானே, விலை கம்மியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் நர்ஸ். "மொத்தம் அறுபத்திரண்டு வரி. வரிக்கு எழுநூறு?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள். அது ரத்தத்தில் ஊறியது. வீடு தீப்பிடித்தாலும் தண்ணீர் வண்டிக்காரனிடம் விலை கேட்டுவிட்டுத்தான் ஒதுங்குவாள்.

"சிரிக்கறதுக்கு எங்ககிட்ட ஆள் உண்டு, கூப்பிட்டா நாலு பேர் வருவாங்க. சிரிக்காம இருக்கறதுக்கு ஒரே ஆள்தான். வரிக்கு ஆயிரத்து இருநூறு."

"ஆயிரம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முழுசும் வேணும். இல்லன்னா எங்க மேலிடம் கம்ப்யூட்டர் குரலுக்குக் கையெழுத்துப் போட்டுடும். நல்லா வந்தா மூணு வருஷத்துக்கு உங்க வேலைதான்."

"சரி" என்றாள் அக்கா.

நர்ஸ் படியிறங்கிய பிறகுதான் என்ன விற்றோம் என்பது அவளுக்கு உறைத்தது. தன் நாற்காலியை, தானே, நல்ல விலைக்கு.

"நான் மாட்டேன்" என்றாள் கணக்கம்மா. "அண்ணி உக்கார்ற இடத்துல நான் எதுக்கு? எனக்கு வரவு செலவு போதும்."

"மூணு வருஷ வாடகை இது" என்றான் தம்பி. "உனக்கே கணக்கு தெரியும்."

கணக்கு அவளுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் குரல் வந்த பிறகு இரண்டு பெரிய வாடிக்கை போய்விட்டது. மூன்றாவது போனால் கீழே மெத்தைக் கடையில் வேலை கேட்கவேண்டியதுதான். புதன்கிழமை காலை அவள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டுக்குள் போனாள்.

சிவப்புப் பல்பு எரிந்தது. கணக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். வாயைத் திறந்தாள், வந்தது அக்காவின் குரல். அதாவது, அக்காவின் குரலுக்கு யாரோ இரவல் உடுப்பு மாட்டிவிட்டது போல ஒன்று. தோள் இறங்கி, கை நீண்டு, எங்கும் பொருந்தாமல். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சிரிப்பு வழுக்கி விழுந்தது. பல்பு அணைந்தால், "என்னங்க, தண்ணி இருக்கா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்கும் குரல்தான் அவர்களுக்கு வேண்டியது. பல்பு எரிந்ததும் அது ஓடி ஒளிந்துகொண்டது.

நாற்பத்தொரு முறை படித்தாள். நான்கு துண்டு ஆப்பிள் தீர்ந்தது. முதல் வரியே முடியவில்லை.

"சிரிக்காத" என்றான் தம்பி.

"சிரிக்கலையே."

"சிரிக்கற. எனக்குக் கேக்குது."

"கல்யாணமாகி பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னைச் சிரிக்காதன்னு சொல்றீங்க. இத்தனை நாள் உம்முன்னு இருக்கறன்னு புகார்."

மதியம் தம்பி அக்காவிடம் வந்து காதோடு கேட்டான். "நீயே அவ மாதிரி படிச்சுடேன். உனக்குத் தெரியாததா?"

அக்கா உள்ளே போனாள். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. செய்துவிட்டால் நாற்காலியும் மிஞ்சும், வாடகையும் மிஞ்சும். மூச்சை இறக்கி, முகத்தைத் தளர்த்தி, ஒரே ஒரு வரி படித்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். "உங்கள் பரிசோதனை முடிவு தயாராக உள்ளது" என்று அவள் குரல் சொன்னது, குலுக்கலில் சைக்கிள் விழுந்த சேதியைப் போல. இன்னொரு முறை படித்தாள். இந்தத் தடவை குளிர்சாதனப் பெட்டி விழுந்தது. பத்தொன்பது வருஷமாகச் சம்பாதித்துப் போட்ட சிரிப்பு பல்லோடு பல்லாக ஒட்டிப்போயிருந்தது. கழற்றி வைக்க அவளுக்கு இடம் தெரியவில்லை.

"தொண்டை இன்னும் சரியாகல" என்றாள். தம்பி அதை நம்புவது போல இருந்துகொண்டான்.

வியாழக்கிழமை கணக்கம்மா இன்னும் இருபது முறை படித்தாள். சிரிப்பு போனது, அதற்குப் பதிலாக அழுகை வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த அழுகையைக் கேட்டால் நோயாளி போனை வைத்துவிட்டு நேராகப் படுத்துவிடுவார்.

அன்று மாலை அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து டம்மி ஓடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக் கிளையின் எண்ணுக்குத் தானே போன் போட்டாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான். "உங்கள் அழைப்பு வரிசையில் ஏழாவது" என்றது கணக்கம்மாவின் குரல். மளிகைச் சீட்டு படிக்கிற அதே குரல். ஏழு என்றால் ஏழு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆறு என்றது. கீழே ஆட்கள் மெத்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து. நான்கு. நான்கிலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தவள் வைக்கவில்லை. இவள் சொன்னால் சொன்ன நேரத்தில் நடக்கும் என்று காது நம்பத் தொடங்கியிருந்தது. ஒன்று என்று வந்து, உயிருள்ள ஒரு பெண் "சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. உங்க போன் நல்லா வேலை செய்யுது" என்றாள் அக்கா.

"லிஃப்ட்ல பேசறவங்களா நீங்க?" என்றாள் அந்தப் பெண். அக்கா போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து கடையைத் திறந்தாள். நாற்காலி மேல் ஏறி, கூண்டுக்குள் இருந்த சிவப்புப் பல்பைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தம்பி வந்ததும் இரண்டு வார்த்தை சொன்னாள். அவன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

கணக்கம்மா வீங்கிய கண்களோடு வந்தாள்.

"ஏம்மா, நர்ஸ்கிட்ட நேத்து பேசிட்டேன்" என்றாள் அக்கா. "நானே பண்றேன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க. தொண்டை தெளிஞ்சிடுச்சு. நீ வழக்கம் போல டம்மி மட்டும் படிச்சுக் குடு, எனக்கு நேரம் தெரியணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளிடம் இருந்ததிலேயே நல்ல சிரிப்பு அது. எந்த வங்கியும் எந்த லிஃப்டும் அதுவரை வாங்காதது.

கணக்கம்மாவின் தோள் இரண்டும் ஒரு சாண் இறங்கின. "அப்பாடா. ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்லண்ணி. இங்கயே படிக்கட்டுமா?"

"கீழ வண்டி நிக்குது, ஒரே சத்தம். உள்ள உக்காந்து படி. பல்பு ஃப்யூஸ் போயிடுச்சு, சாயங்காலம் வாங்கிக்கலாம்."

கணக்கம்மா கணக்குப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். தொடையில் அதை வைத்து, மேலே வசனத்தைப் பரப்பி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. தம்பி மூச்சு விடுகிறானா என்றே தெரியவில்லை. அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இல்லாத டீயைக் கலக்குவது போல டம்ளருக்குள் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல்.

நாற்பதாவது வரியில் கணக்கம்மா நின்றாள். தலையைத் தூக்கி, பல்பு இருக்கவேண்டிய வெறும் குழியைப் பார்த்தாள். அங்கிருந்து கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தாள்.

"இங்க ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு" என்றாள். பென்சிலை எடுத்துத் திருத்தினாள். அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு அதே குரலில், அதே வேகத்தில், மீதி இருபத்திரண்டையும் படித்து முடித்துவிட்டு வெளியே வந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

நாலு மணிக்குப் பதிவு போனது. ஐந்தரைக்கு நர்ஸ் போன் செய்தார். இதுதான், இதேதான், முதல் பணம் திங்கட்கிழமை வரும் என்றார்.

தம்பி நாற்காலியில் சாய்ந்தான். அக்கா சாயவில்லை. சுவரிலிருந்து விலைப்பட்டியலை இறக்கினாள். டம்மி வாசிப்புக்கு எதிரே இருந்த 'இலவசம்' என்பதைப் பேனாவால் அடித்து, 'ஆளைப் பொறுத்து' என்று எழுதினாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: கூட நின்று நடத்திக் கொடுத்தல்.

"இதுக்கு எவ்வளவு?" என்றான் தம்பி.

"இருபதாயிரம்."

"அக்கா, நீ ஒரு பல்பைத்தானே கழட்டின."

"எந்தப் பல்பைக் கழட்டணும்னு தெரிய பத்தொன்பது வருஷம் ஆச்சுடா."

"பத்து."

"பதினஞ்சு. மூணு வருஷமும் இவ உள்ள இருந்தா நான் வெளிய இருப்பேன். நீ இருந்தேன்னா சிரிக்காத சிரிக்காதன்னு சொல்லியே அழவச்சிடுவ."

தம்பி மனைவியைப் பார்த்தான். கணக்கம்மா தலையாட்டினாள். பதினைந்தில் படிந்தது.

தம்பி கீழே டீ சொல்லப் போனான். அக்கா பைக்குள்ளிருந்து பல்பை எடுத்துக் கைக்குட்டையைப் பிரித்தாள். கணக்கம்மா எழுதிக்கொண்டே பேசினாள்.

"நாப்பதாவது வரியில தெரிஞ்சுதுண்ணி."

"பல்பைப் பாத்தா?"

"அது பாதிதான். ஃப்யூஸ் போனா பல்பு அங்கயே இருக்குமில்ல, குழி மட்டும் எப்படி இருக்கும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அப்பறம் காலையில நீங்க சிரிச்சது ஞாபகம் வந்துச்சு. நிஜம் சொல்றப்ப நீங்க சிரிக்க மாட்டீங்க."

"தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

"நிறுத்தினா மொதல்ல இருந்து படிக்கணும். நீங்க இன்னொரு தடவை சிரிக்கணும்."

அக்கா நாற்காலி மேல் ஏறிப் பல்பை மாட்டிவிட்டு இறங்கி வந்து, வழக்கம் போல, அன்றைய பக்கத்தைச் சரிபார்க்கப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

வரவு: ஆஸ்பத்திரி, அறுபத்திரண்டு வரி, வரிக்கு ஆயிரம். அறுபத்திரண்டாயிரம். பற்று: குரல், இருபதாயிரம். கூட நின்று நடத்தியது, பதினைந்தாயிரம். மூன்று மாத வாடகை, பதினெட்டாயிரம். கையிருப்பு, ஒன்பதாயிரம். கூட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது.

கோட்டுக்குக் கீழே, பென்சிலில், இன்னொரு வரி இருந்தது. அண்ணியின் சிரிப்பு, ஒன்று, முந்நூற்றைம்பது. கடைக் கணக்கில் சேராது. நான் தரவேண்டியது. பாக்கி.