பட்டாணியின் வயிற்றில் வெட்டிய பெயர்

சங்கரவடிவுச் சித்தி வீட்டில் எதை விட்டுவிட்டு ஊருக்குப் போனாலும் அதில் பெயர் வெட்டியிருக்க வேண்டும். குடம், கும்பா, இட்லிக் கொப்பரை, மாமியார், எதுவானாலும் சரி. சொந்தபந்தம் எல்லாருக்கும் இது தெரியும். பிரமுவுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாய்க்குட்டியைச் சித்தி கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். பாவி மகள், போகிற வழியில் பாத்திரக்கடையில் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும்.

குட்டியின் பெயர் பட்டாணி. கண் திறக்காமல் கிடந்ததை எடுத்து, இங்க் ஃபில்லரில் பால் புகட்டி வளர்த்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாலே உள்ளே வால் ஆடும். புருஷன் காந்திமதிநாதன் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். அந்த வீட்டில் அவள் வந்ததைக் கவனிக்கிற உயிர் அது ஒன்றுதான்.

கொடைக்கானலில் ஒரே பனிமூட்டம். அவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. பிரமு குட்டிக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினாள்.

ஊர் திரும்பியதும் நேரே சித்தி வீடு. காந்திமதிநாதன் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"பட்டாணியக் கூட்டிட்டுப் போவ வந்தேன் சித்தி."

"பேரு வெட்டிருக்கா?"

"அவசரத்துல மறந்துட்டேன்."

"அப்போ பாத்துதான் சொல்லணும்" என்றாள் சித்தி. குரலில் கோபமில்லை.

சித்தி அவளைப் பாத்திர அறைக்குள் கூட்டிப்போனாள். அது போன தடவையைவிட நீண்டிருந்தது. நடந்தார்கள். நடந்து நடந்து பிரமுவின் கையிலிருந்த ஸ்வெட்டர் சாயம் போய் வெளுத்துவிட்டது. பாதி வழியில், குக்கர்களுக்கு அடுத்து, பெரியம்மை மகன் சிவனணைந்தானைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"சௌக்கியமா பிரமு?"

"சௌக்கியம் அண்ணாச்சி. நீங்க எப்ப வந்திய?"

"அம்மை குத்தாலம் போகையில விட்டுட்டுப் போனா. இப்ப வந்துருவா."

பெரியம்மை போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் தலைமயிரும் நரைத்திருந்தது. பிரமு மேலே நடந்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது.

பட்டாணி செம்புக்கும் குடத்துக்கும் நடுவில், உயர வரிசைப்படி உட்கார்ந்திருந்தது. பிரமுவைப் பார்த்தது. வால் ஆடவில்லை. சித்தியைப் பார்த்தது. ஆடியது.

சித்தி குட்டியைத் திருப்பிக் காட்டினாள். ரோஜா நிற வயிற்றில் புள்ளிபுள்ளியாக, குண்டு எழுத்தில், 'சங்கரவடிவு'.

"சித்தி, இது என் குட்டி."

"பேரப் படி."

"நான் பாலூத்தி வளத்தது!"

"வளத்தவ பேர வெட்டிருக்கணும்லா. பேரு இல்லாதத எவ வேணும்னாலும் தூக்கிட்டுப் போயிருவா. நல்லதுக்குத்தாம்ட்டி வெட்டுனேன்."

"வலிச்சிருக்குமே."

"கத்துச்சு. ஒன் பேரச் சொல்லித்தான் கத்துச்சு. வெட்டி முடிச்ச பெறவு நிறுத்திட்டு."

பிரமு அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அழிக்க முடியாதா சித்தி?"

"அழிக்கலாம். ஓட்ட விழும்."

பிரமு குட்டியைத் தூக்கினாள். முன்னிலும் கனத்தது. அவள் மடியில் கிடந்தபடி அது சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒங்க பேரையே வெட்டுனா, இது என்னய அடையாளம் தெரிஞ்சுக்குமா?"

"ஒரே வீட்டுச் சாமான் ஒண்ணுக்கொண்ணு தெரியாமலா போவும்?"

பிரமு கையை நீட்டினாள். சித்தி பெயர் வெட்டுகிற மெஷினை எடுத்துவந்தாள். டிர்ர்ரென்று ஓடியது. சித்தியின் பெயர் நீளம். 'வடிவு'க்கு வரும்போது பட்டாணியின் வால் மெல்ல ஆடத் தொடங்கியது. ஐயோ, அந்த வாலைப் பார்த்தபோது அவளுக்கு வலியே தெரியவில்லை.

வாசலில் ஹாரன். பிறகு காந்திமதிநாதனின் குரல். இத்தனை நீள அறைக்குள்ளும் பக்கத்தில் நிற்பது போலக் கேட்டது.

"அத்த, பிரமு உள்ள இருக்காளா?"

"பேரு வெட்டிருக்கியளா மாப்பிள்ள?"

அவன் யோசித்தான்.

"இல்ல. வீட்டுச் சாவி அவகிட்ட இருக்கு. அதுல எம் பேரு போட்டிருக்கும்."

சித்தி பிரமுவின் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிரமுவுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. "ஏங்க!" என்று அலறினாள். வாயிலிருந்து ணங்கென்று எவர்சில்வர் சத்தம்தான் வந்தது.

"உள்ள என்ன அத்த சத்தம்?"

"பூன எதையோ உருட்டுது, மாப்பிள்ள."

ஆட்டோ கிளம்பிப் போனது.

சித்தி திரும்பி வந்து அவளைக் குடத்துக்கு அடுத்து, உயர வரிசை கெடாமல் உட்கார்த்தினாள். பட்டாணி அவள் கையில் பெயர் இருந்த இடத்தை நக்கியது. சித்தி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கியேட்டி. கவுந்து படு, வடியட்டும்."

பிரமு கவிழ்ந்து படுத்தாள். வடிந்துகொண்டே இருந்தது.