போதும் என்று சொல்வது யார்

பெரம்பலூர் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கிருஷ்ணமூர்த்தி அந்தக் கேள்வியைக் கேட்டதும் பிரவீணா அவரை நேராகப் பார்த்தாள்.

“உடம்புல இருக்கற செரட்டோனின்ங்கற ரசாயனத்துல பெரும்பங்கு குடல்லதான் உற்பத்தியாகுது. அது ரத்தத்தோட ஈரலுக்குப் போயிடும். அப்புறம், மூளைதான் அதை வச்சு ஈரலை வளரச் சொல்லுதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

இதே கேள்வியை எழுதித்தான் போன வருஷம் அவளுடைய ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஐந்து வருஷ உழைப்பு. அதன் நடுவே ஆறு மாதம் அவள் ஆய்வகப் பக்கமே வரவில்லை. குன்னத்தில் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போய் அவளைப் படிக்க வைத்த அப்பா அய்யம்பெருமாளுக்கு ஈரல் கெட்டுப்போனபோது, தன் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தவள் அவள்தான். எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றிவிட்டு, மீதி வளர்வதை நாள்தோறும் குறித்துக்கொண்டிருந்த பெண் தானே போய் அறுவை மேசையில் படுத்தாள். “கல்யாணமாவாத பொண்ணு, இப்புடி வயித்தக் கிழிச்சுக்கிட்டாளே” என்று ஊர் பேசியது. “இனிமே முடியுமாம்மா? விட்டுடலாமே” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். ஏழாவது மாதம் பிறந்த அன்றே அவள் ஆய்வகத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆய்வேடு திரும்பி வந்தபோதும் அவள் அழவில்லை. கேட்டது நியாயம்தான் என்று பட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இப்போது அடுத்த அட்டவணையைத் திரையில் போட்டாள்.

“மருந்தை மூளைக்குள்ள மட்டும் குடுத்தேன் சார். அங்க செரட்டோனினோட வேலையைத் தடுத்ததும் ஈரல் செல் பெருகுறது பாதியாக் குறைஞ்சுது. ரத்தத்துல அதோட அளவு மாறவே இல்ல. வேற சில எலிங்களுக்கு, மூளையிலேருந்து வயித்துக்கு வர்ற நரம்பை அறுத்தேன். அதுங்களுக்கும் குறைஞ்சுது. குடல்லேருந்து வர்றது உதவலன்னு சொல்லல. மூளையும் சொல்லுது. ஆனா இது எலியிலதான். மனுஷனுக்கு இன்னும் தெரியாது.”

கிருஷ்ணமூர்த்தி அட்டவணையை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இதைத்தான் எதிர்பார்த்தேன். வேற யாராவது கேக்கறீங்களா?”

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அப்பா.

“கும்புடுறேங்க. வளரு வளருன்னு மூளை சொல்லுதுங்குறா, சரி. போதும், நிறுத்துன்னு யாருங்க சொல்றது?”

சிரிக்கப்போன மாணவர்கள் தேர்வாளரின் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பிரவீணாவையே பார்த்தார்.

“தெரியலப்பா,” என்றாள் அவள். “யாருக்குமே முழுசாத் தெரியல. அடுத்து அதைத்தான் தேடப்போறேன்.”

“தேடுங்க, டாக்டர் பிரவீணா.” கிருஷ்ணமூர்த்தி எழுந்து நின்று கைதட்டினார். கூடமே எழுந்தது.

அந்த ஆரவாரத்தின் நடுவே அய்யம்பெருமாள் நேராகத் திரைக்கு நடந்து வந்தார்.

“எங்க நிக்குதும்மா அது? காட்டு.”

அவள் வளர்ச்சிப் படத்தைப் போட்டாள். ஏறிக்கொண்டே போய் ஏழாம் நாளில் மட்டமாகிவிடும் சிவப்புக் கோடு. அவர் தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது ப்ரொஜெக்டர் வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. கோடு அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து ஏறித் தோளைத் தாண்டி, விரல் நுனிவரை நீண்டு கிடந்தது.