ராணி உடுப்பின் காலர்

பல்கலைக்கழக நாடகத் துறையிலிருந்து பதில் வருமுன்பே அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு வார்த்தை அற்றுப்போயிருந்தது. வாயைத் திறந்தால் சண்டை. இருவருக்கும் ஒரே நாடகக் குழுவில் வேலை; அக்கா உடை தைப்பவள், தங்கை மேடைக்கு லைட் போடுபவள். முதுகலைப் படிப்புக்கு இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள். இடம் மட்டும் கிடைத்தால் போதாது, கூடவே அசிஸ்டண்ட்ஷிப்பும் வேண்டும். துறையிலேயே வேலை பார்த்துக்கொண்டு ஃபீஸ் இல்லாமல் படிக்கலாம். அது இல்லாமல் படிக்கப் போவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

போன் சிணுங்கினால் இரண்டு தலைகளும் வெடுக்கென்று திரும்பும்.

"உனக்கு வந்தா சொல்லு, ஒளிச்சு வைக்காத," என்றாள் தங்கை.

"ஒளிக்கிற புத்தி எனக்கு இல்லடி."

தங்கைக்குத்தான் முதலில் வந்தது, வீடியோவில் நேர்முகத் தேர்வு. உடை அறையில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும்.

"கொஞ்சம் வெளிய போக்கா."

"என் மேஜை, என் மெஷின். நான் ஏன் போகணும்? நீ வேணா போ."

வேறு வழியில்லாமல் தங்கை அங்கேயே உட்கார்ந்தாள். பேராசிரியை சுற்றி வளைக்கவில்லை. "நீங்க அனுப்பின படங்கள்ல அந்த ராணி உடுப்பு பிரமாதம். காலர் அவ்வளவு விறைப்பா நிக்குதே, உள்ள என்ன வெச்சீங்க?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் தைத்த உடுப்பு. லைட்டிங் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள், உடைப் பிரிவுக்கல்லவா போட்டிருக்கிறாள்!

தங்கை மென்று விழுங்கினாள். "அது... துணியே கொஞ்சம் தடிப்பு, மேடம்." கண்கள் அக்கா பக்கம் கெஞ்சின.

"துணியெல்லாம் தடிப்பு இல்ல," என்று அக்கா உரக்கச் சொன்னாள். "உள்ள மெல்லிசுக் கம்பி வெச்சு, ரெண்டு மடிப்பு கான்வாஸ் குடுத்துத் தைச்சது."

"யாரது பேசறது?"

"எங்க தையல்காரம்மா, மேடம். கூடமாட உதவிக்கு."

அவ்வளவுதான், அக்கா எழுந்துவந்து போனுக்கு முன்னால் நின்றாள். "கூடப் பொறந்தவ மேடம். என் விண்ணப்பமும் உங்ககிட்டதான் இருக்கு. இதே உடுப்பு அதுலயும் இருக்கும், பாருங்க."

பேராசிரியை அவசரமாக நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

"என் வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே, பாவி!"

"என் வேலையத் திருடிட்டு, என்னையே தையல்காரம்மான்னு சொல்றியா?"

"லைட்டிங்ல இந்த வருஷம் அசிஸ்டண்ட்ஷிப்பே கிடையாது. நான் வேற என்னதான் பண்றது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

அக்கா கொடுத்திருக்க மாட்டாள். அது இருவருக்குமே தெரியும்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. தங்கைக்கு இடமே இல்லை. அக்காவுக்கு இடம் உண்டு, அசிஸ்டண்ட்ஷிப் இல்லை. உடுப்பைத் தைத்தது யார் என்பதில் குழப்பம் வந்துவிட்டதால் அசிஸ்டண்ட்ஷிப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். உடுப்பைத் தைக்கும்போதே எடுத்த படங்களையெல்லாம் அக்கா அனுப்பிப் பார்த்தாள். வருந்துகிறோம், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது.

"நல்லா வேணும்," என்றாள் தங்கை. அவள் முகத்தில் நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது.

அந்த மாதமே அக்கா தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு குழுவுக்குப் போய்விட்டாள். போகிற அன்று பாரம் தாங்காமல் மாடிப்படி நடுவில் அதை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள். தங்கை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்கி வரவில்லை. வந்திருந்தாலும் அக்கா அவளைத் தொட விட்டிருக்க மாட்டாள்.